மாத்திரைக்குக் கூலி, பேச்சுக்குக் கூலி: பிரிட்டிஷ் மருந்துக்கடையின் நூறு வருஷக் கணக்கு

மருந்துக்கடைக்கு அரசாங்கம் எதற்குப் பணம் கொடுக்கணும்? பிரிட்டனில் இந்தக் கேள்விக்கு நூறு வயசு தாண்டிவிட்டது. அங்கே தெருமுனை மருந்துக்கடை தனியார் சொத்து. வாடகை, கடன், லாபநட்டம் எல்லாம் கடைக்காரர் தலையில்தான். ஆனால் கல்லாவில் விழுவதில் பெரும்பகுதி அரசுப் பணம். நலம்புரி அரசைப் பற்றிப் பேசுகிற நாம் மருத்துவமனையைப் பார்க்கிறோம், டாக்டரைப் பார்க்கிறோம். இந்தக் கல்லாப்பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. அதற்குள்ளே ஓர் அரசியல் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரத் தொழிலாளிக்கு டாக்டர் எட்டாத பொருள். குழந்தைக்கு இருமல் என்றால் தாய் போய் நின்றது மருந்துக்கடை வாசலில். கடைக்காரர் கேட்பார், பார்ப்பார், சில பென்ஸ்களுக்கு எதையோ கலக்கிப் புட்டியில் கொடுப்பார். பேச்சுக்குத் தனிக் காசு கிடையாது. புட்டியின் விலைக்குள்ளேயே அது அடக்கம். டாக்டர்களுக்கு இது பொறுக்கவில்லை, 'நோய் அறிவது எங்கள் வேலை' என்றார்கள். ஆனால் அவர்களும் தம் பங்குக்கு மருந்து கலந்து விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். அறிவுக்கான சண்டை என்று சொல்லப்பட்டது பிழைப்புக்கான சண்டையும்தான்.

இந்தச் சண்டைக்குள் அரசு நுழைந்தது 1911இல். லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்புறுதிச் சட்டம், சீட்டு எழுதுவது டாக்டர், மருந்து கொடுப்பது மருந்தாளுநர் என்று பொதுவிதியாக வகுத்தது. 1913 ஜனவரியில் மருத்துவ உதவி தொடங்கியபோது ஆள் ஒன்றுக்கு வருஷத்துக்கு 9 ஷில்லிங். அதில் மருந்துக்கு என்று ஒதுக்கியது ஒன்றரை ஷில்லிங். இன்னொரு ஆறு பென்ஸை நடுவில் மிதக்கவிட்டார்கள். மருந்துச் செலவு கூடினால் அது கடைக்காரருக்கு, கூடாவிட்டால் டாக்டருக்கு! 'மிதக்கும் ஆறு பென்ஸ்' என்றே அதற்குப் பெயர். நோயாளிக்குக் குறைவாக எழுதினால் டாக்டர் பையில் கொஞ்சம் கூடும். இதைச் சின்னத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பணம் போகும் வாய்க்காலை வெட்டிவிட்டால் மனுஷன் தானே அதன் வழி நடப்பான் என்ற நிர்வாகப் புத்தியை இங்கே பார்க்கிறோம். உத்தரவு தேவையில்லை, கட்டண அட்டவணை போதும். அதிகாரம் இப்படியும் வேலை செய்யும். இன்னொன்று, இந்தக் காப்புறுதி சம்பளம் வாங்குகிற தொழிலாளிக்கு மட்டும்தான். அவர் மனைவியும் குழந்தைகளும் பழையபடி கைக்காசோடு கடை வாசலில்.

1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை பிறந்தது. எல்லாருக்கும் மருந்து இலவசம். சீட்டுகள் சில மாதங்களிலேயே ஏறத்தாழ இரு மடங்காயின. அதுவரை அடக்கி வைத்திருந்த நோய்கள் எவ்வளவு என்று அந்தக் கணக்கே சொல்லிற்று. கருவூலம் பயந்தது. 1952இல் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வைத்தார்கள். 1965இல் தொழிற்கட்சி அதை எடுத்தது, 1968இல் அதே தொழிற்கட்சியே திரும்ப வைத்தது. ஆனால் நம் விஷயத்துக்கு முக்கியம் வேறொன்று. கடைக்காரருக்கு அரசு எதற்குக் கூலி கொடுத்தது? மருந்தின் அடக்கவிலை, அதன்மேல் ஒரு சதவீதம், கட்டிக்கொடுக்கக் கட்டணம், புட்டிக்குக் காசு. அவ்வளவுதான். சீட்டுகள் குவியக் குவிய மருந்தாளுநர் கடையின் பின்கட்டுக்குப் போனார். அரசு அவர் கையை வாங்கிக்கொண்டது, வாயை வாங்கவில்லை.

பேச்சு நின்றுவிட்டதா என்றால் இல்லை. முன்கூட்டிச் சொல்லாமல், பெயர் பதியாமல் யாரும் நுழையக்கூடிய ஒரே மருத்துவக் கதவு அதுதான். எண்பதுகளில் எய்ட்ஸ் பயம் பரவியபோது ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குப் புது ஊசி கொடுக்கும் வேலையில் தெருக்கடைகளும் சேர்ந்தன. மருந்தாளுநர் கண்முன்னே தினமும் மெதடோன் குடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அந்தக் கண்காணிப்பில் போலீஸ்தனம் இல்லையா? இருக்கிறது. ஆனால் அந்த ஆளிடம் அன்றைக்கு 'சாப்பிட்டியா' என்று கேட்ட ஒரே மனுஷராகவும் அவர் இருந்திருக்கலாம்.

வேல்ஸ் சுரங்கக் கிராமத்தில் வேலை பார்த்த டாக்டர் ஜூலியன் ட்யூடர் ஹார்ட் 1971இல் ஒரு விதி சொன்னார்: நல்ல மருத்துவம், தேவை அதிகமுள்ள இடத்தில்தான் குறைவாகக் கிடைக்கும். சந்தை எவ்வளவுக்கு நுழைகிறதோ அவ்வளவுக்கு இது மோசமாகும். 2014இல் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் மருந்துக்கடைகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள். 89 சதவீத மக்கள் இருபது நிமிஷ நடையில் ஒரு கடையை அடையலாம், மிக ஏழ்மையான பகுதிகளிலோ ஏறத்தாழ எல்லாருமே. ஹார்ட்டின் விதி இங்கே தலைகீழ். கடை தனியார் கடைதான், ஆனால் ஏழைத் தெருவிலும் அரசுப் பணம் வருவதால் அங்கே அது பிழைக்க முடிந்தது.

சரி, அரசு எப்போதாவது பேச்சுக்குக் கூலி கொடுத்ததா? 2005இல் வந்த புது ஒப்பந்தம் கொடுத்தது. நோயாளியை உட்காரவைத்து அவர் சாப்பிடும் மருந்துகளை விசாரித்தால் தலைக்கு இவ்வளவு, கடைக்கு வருஷத்துக்கு 400 வரை. நல்லதுதானே? ஆனால் பெரிய சங்கிலிக் கடைகளில் அந்த 400 உச்சவரம்பு இலக்காக மாறியது. யாருக்குப் பேச்சு தேவை என்பது போய், யாரைப் பிடித்து உட்காரவைக்கலாம் என்றாயிற்று. பேச்சும் மாத்திரை மாதிரி எண்ணப்படும் பண்டமாகிவிட்டது. 2021இல் திட்டத்தை மூடினார்கள்.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு கணக்கு. அரசு விலைப்பட்டியல்படி பணம் கொடுக்கும். கடைக்காரர் அதைவிட மலிவாகக் கொள்முதல் செய்தால் மிச்சம் அவருக்கு. மொத்தமாக இவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று அரசே வரம்பு வைத்தது. பின்னாளில் சில காலம் அது வருஷத்துக்கு 80 கோடி பவுண்டாக இருந்தது. அதாவது, ஏழைத் தெருவின் பராமரிப்புக்கு வழி, மொத்த வியாபாரியிடம் பேரம் பேசி மிச்சம் பிடிப்பது! மருந்து விலை ஏறினால் கடை கைக்காசு போட்டு மருந்து கொடுக்கணும்.

2015 டிசம்பரில் அரசு சொன்னது: கடைகள் அதிகம், ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. 2016இல் வெட்டினார்கள். 280 கோடி பவுண்டாக இருந்த ஆண்டு ஒதுக்கீடு 2017–18இல் 259.2 கோடி. பிறகு 2019இல் போட்ட ஐந்து வருஷ ஒப்பந்தத்திலும் அதே தொகைதான், விலைவாசி ஏறியும் அசையவில்லை. நெருக்கம் என்று அதிகாரி வரைபடத்தில் பார்த்தது, நடக்க முடியாத கிழவிக்குப் பக்கத்துக் கடை. 2015க்குப் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் குறைந்துள்ளன. ஏழைப் பகுதிகளில்தான் அடி அதிகம்.

2024 ஜனவரி 31இலிருந்து மறுபடியும் பேச்சுக்குக் கூலி. தொண்டைவலி, காதுவலி, அக்கி உள்ளிட்ட ஏழு நோய்களுக்கு மருந்தாளுநரே பார்த்து மருந்து கொடுக்கலாம், தொடக்கத்தில் ஒரு விசாரிப்புக்கு 15 பவுண்டு கொடுத்தார்கள். நூற்றாண்டுக்கு முன் டாக்டர்கள் திட்டிய அதே வேலை இப்போது அரசுத் திட்டம். காரணம் டாக்டரிடம் நெரிசல். மாத மானியம் வேணுமென்றால் குறைந்தபட்ச எண்ணிக்கை காட்டணும் என்றார்கள். மறுபடியும் எண்ணிக்கை.

கடைக்காரரைத் தியாகியாக்க வேண்டியதில்லை. அவர் வியாபாரி. சங்கிலி நிறுவனமோ, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து விரட்டப்பட்டு வந்த குஜராத்திக் குடும்பமோ, கணக்கு கணக்குத்தான். கவுண்டரில் நின்று முதலில் பேசுகிற, பெரும்பாலும் பெண்களான உதவியாளர்களின் உழைப்புக்கு இந்த ஒப்பந்தங்களில் தனியாக ஒரு வரி கிடையாது. ஆனால் இதற்காகப் பொதுப் பணத்தை நிறுத்து என்பது விடையல்ல. மாத்திரையை எண்ணிக் கொடுத்தால் எண்ணிக்கை கிடைக்கும், பேச்சை எண்ணிக் கொடுத்தாலும் எண்ணிக்கைதான் கிடைக்கும். கதவு திறந்திருப்பதற்கு, ஆள் அங்கே இருப்பதற்குக் கூலி கொடுக்கணும். தீயணைப்பு நிலையத்துக்குத் தீ ஒன்றுக்கு இவ்வளவு என்றா கொடுக்கிறோம்?