சிங்கப்பூரின் பிப்ரவரி 15

மார்சிலிங் வாசிகள் சன்னலைத் திறந்தால் காணும் ஜொகூர்க் கடற்பாலத்தை, மலாய்த் தீபகற்பத்தைக் கைவிட்டு வந்த பிரிட்டிஷ் சேனை 1942 ஜனவரி 31ஆம் தேதி வெடிவைத்துப் பிளந்த வரலாற்றைச் சென்ற இதழில் கண்டோம். அதற்குப் பதினைந்தாம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. வீழ்ச்சி நேர்ந்த அந்தப் பிப்ரவரி 15, இருபத்தேழு வருஷங்களுக்கு முன்பே இத்தீவின் வெள்ளை அதிகாரத்தை ஒருமுறை கதிகலங்க அடித்திருந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

1915ஆம் வருஷம் சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் அது. அலெக்சாந்திரா முகாமிலிருந்த ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி, வட இந்திய முஸ்லிம் சிப்பாய்களாலான படை. மறுநாளே கப்பலில் ஏறி ஹாங்காங் போகவேண்டுமென்று உத்தரவாகியிருந்தது. ஆனால், போகுமிடம் ஹாங்காங் அல்ல, கலீபாவாகிய துருக்கிச் சுல்தானுக்கு எதிரான போர்முனையே என்ற வதந்தி முகாமில் வேரூன்றிவிட்டது. காசிம் மன்சூர் என்ற குஜராத்தி வணிகரும், நூர் ஆலம் ஷா என்ற சமயப் போதகரும் அவர்கள் மனத்தில் மூட்டியிருந்த கனலுக்கு அந்த வதந்தி நெய்யாயிற்று. காலையில் தளபதி வந்து அணிவகுப்பைப் பார்வையிட்டு வழியனுப்பிப் போனார்; பிற்பகல் மூன்று மணியளவில், கப்பலுக்கு அனுப்ப வெடிமருந்துப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு துப்பாக்கி வெடித்தது. படையில் ஏறத்தாழப் பாதிப்பேர் கலகத்தில் இறங்கினார்கள். நகரத்தாரில் பலர் அந்தச் சத்தத்தைப் புத்தாண்டுப் பட்டாசென்றே முதலில் எண்ணினார்கள் என்பார்கள்.

கலகக்காரர் ஒரு பகுதியினர் தங்ளினுக்குச் சென்று அங்கே காவலில் இருந்த ஜெர்மானியக் கைதிகளை விடுவித்தனர். முந்தின செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்த எம்டன் கப்பலின் மாலுமிகளும் அக்கைதிகளுள் இருந்தார்கள். இவர்கள் தலைமை ஏற்பார்கள் என்று சிப்பாய்கள் நம்பினார்கள் போலும். ஜெர்மானியரில் பெரும்பாலோர் அசையவில்லை, எம்டன் அதிகாரி லாட்டர்பாக் முதலான சிலர் மாத்திரம் சந்தடிசாக்கில் நழுவித் தப்பினார்கள். நம்பியவர்களை இப்படி நடுத்தெருவில் விட்டதை நான் வியப்பதற்கில்லை. யாருடைய யுத்தத்திலோ அகப்பட்ட இரு தரப்பாருக்கும் பொது நோக்கம் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

கலகத்தை அடக்கியவர்கள் யார் என்பதுதான் இந்தக் கதையில் உற்று நோக்கத்தக்க பகுதி. பிரிட்டனுக்குத் துணையாகப் பிரெஞ்சு, ரஷ்யக் கப்பல்களின் மாலுமிகளும் ஜொகூர்ச் சுல்தானின் படையும் வந்தன. அவற்றோடு ஒத்தோவா, சுஷிமா என்னும் ஜப்பானியப் போர்க்கப்பல்களும் வந்தன. இங்கே கடை வைத்துப் பிழைத்த ஜப்பானியர்களும் துப்பாக்கி பெற்றுக் காவல் நின்றார்கள். பின்னர் ஊட்ரம் சிறைச் சுவரோரம், ஆயிரக்கணக்கான ஜனங்கள் பார்த்திருக்க, சிப்பாய்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். மரண தண்டனைக்கு உள்ளானோர் 47 பேர்.

அந்த ஜப்பானின் சேனைதான் 1942இல் ஜலசந்தியைக் கடந்து வந்தது. பிப்ரவரி 11, ஜப்பானியச் சாம்ராஜ்யம் தோன்றியதாகக் கொண்டாடப்படும் கிகென்செட்சு தினமாதலால், அன்றைக்கே சிங்கப்பூரைப் பிடித்துவிட வேண்டும் என்பது தளபதி யமாஷிதாவின் ஆசை. அந்த ஆசை நிறைவேறவில்லை. நான்கு நாள் தாமதமாக, பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் வெள்ளைக்கொடியுடன் புக்கிட் தீமாவின் ஃபோர்டு தொழிற்சாலைக்குச் சென்று மாலை ஆறுமணிக்கு மேல் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டபோது, அது சீனப் புத்தாண்டின் முதல் நாளாய் அமைந்துவிட்டது. குண்டுவீச்சில் தெருக்குழாய்கள் உடைந்திருந்தன. கடற்பாலத்தைத் தகர்த்தபோது ஜொகூரிலிருந்து வந்த நீர்க்குழாயும் கூடவே போயிற்று. தீவின் நீர்த்தேக்கங்களும் எதிரி வசமாகிவிட்டன. பத்து லட்சம் ஜனங்கள் நெருங்கியிருந்த நகரத்தில் தண்ணீர் தீரும் தருவாய் வந்ததே, பெர்சிவலை அந்தத் தேதிக்கு இழுத்துச் சென்ற பெரிய காரணங்களுள் ஒன்று.

ஆகவே இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே தேதியில் விழுந்ததைக் கிரகபலன் என்று சொல்லி மயங்க நான் தயாரில்லை. முதலாவதில், கப்பல் 16ஆம் தேதி புறப்படவிருந்ததனால் சிப்பாய்களுக்கு வேறு நாள் இல்லை. இரண்டாவதில், யமாஷிதா விரும்பிய நாள் வேறு. கலிலியோ பிறந்ததும், ஹவானா துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் மெய்ன் வெடித்ததும் இதே பிப்ரவரி 15தான். அவற்றை இத்துடன் கோத்துப் பலன் சொல்வார் இல்லை.

ஆனால் மனிதர் அறிந்தே தேர்ந்தெடுத்த பிப்ரவரி 15 ஒன்று உண்டு. 1962இல் சிக்லாப் பகுதியில் யுத்தகாலப் படுகொலைக்கு ஆளானோரின் எலும்புகள் குவியல் குவியலாக அகப்பட்டன. அவை 600க்கும் மேற்பட்ட தாழிகளில் அடக்கப்பட்டு, பீச் ரோட்டில் நான்கு இனத்தாரையும் குறிக்கும் நான்கு தூண்கள் எழுந்தன. அந்த நினைவுச் சின்னத்தை 1967இல், வீழ்ச்சியின் இருபத்தைந்தாம் நிறைவு நாளிலேயே, பிரதமர் லீ குவான் யூ திறந்து வைத்தார். முழுமைத் தற்காப்புத் தினம் என்று சிங்கப்பூர் இன்று அனுசரிப்பதும் அதே தேதிதான்.

சரணாகதிக்குப் பின் இந்தியச் சிப்பாய்கள் தேக்காவுக்கு அருகிலுள்ள ஃபேரர் பார்க் திடலில் 17ஆம் தேதி திரட்டப்பட்டு, பின்னர் இந்திய தேசிய இராணுவத்தை அமைத்த மோகன் சிங்கிடம் ஜப்பானியரால் ஒப்படைக்கப்பட்டார்கள். மார்சிலிங்குக்கு அடுத்த எம்.ஆர்.டி. நிலையமான கிராஞ்சியில் இறங்கி, யுத்த நினைவிடத்தின் சுவர்களில் பொறித்த 24,000க்கும் அதிகமான பெயர்களைப் பார்ப்பவர்கள், அவற்றுள் இந்தியப் பெயர்கள் எத்தனை என்று கண்டு திகைப்பார்கள். ஒரே சேனையிலிருந்து சிலர் அந்தச் சுவருக்கும் வேறு பலர் இந்திய தேசிய இராணுவத்துக்கும் போன கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.