தபாலில் வந்த பட்டம்

சர்வதேச விவகாரங்களில் ஒன்லைனில் முதுமாணி படிக்கிறம் எண்டு சொன்னால், சொந்தக்காரரிட்ட இருந்து வாற முதல் கேள்வி: "அது உண்மையான பட்டமோ?" இரண்டாவது: "முடிச்சு என்ன வேலை எடுக்கலாம்?" இரண்டாவதுக்கு எங்களிடமும் முழுப் பதில் இல்லை. முதலாவதுக்கு இருக்கிறது. ஆனால் அதற்கு 1858 வரைக்கும் போகவேண்டும்.

அந்த ஆண்டு லண்டன் பல்கலைக்கழகம், மருத்துவம் தவிர்ந்த பட்டங்களுக்கு இன்ன கல்லூரியில் படித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. வீட்டில் தனியே இருந்து படித்தாலும் சோதனையில் சித்தியடைந்தால் பட்டம். 1865 இல் மொரீசியசிலும் பரீட்சை நடந்தது. 1878 இல் பெண்களுக்கும் பட்டங்கள் திறக்கப்பட்டன. ஒக்ஸ்போட் அதைச் செய்ய 1920 ஆனது, கேம்பிரிட்ஜுக்கு 1948.

இலங்கைக்கும் அந்தக் கதவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அதற்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் இருக்கவில்லை. அங்கே படித்தவர்கள் எழுதியது லண்டனின் வெளிவாரிப் பரீட்சையைத்தான். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை இதுதான் நிலைமை. பழைய பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கும் அதிபர்களின் படங்களுக்குக் கீழே "பி.ஏ. (லண்டன்)" என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் லண்டனைக் கண்ணாலும் கண்டதில்லை. அந்தப் பட்டத்தை யாரும் "உண்மையானதோ?" எண்டு கேட்கேல்லை.

தூரத்திலிருந்து படித்தவர்களில் மிகக் கடினமான தூரத்தைக் கடந்தவர் நெல்சன் மண்டேலா. ரொபன் தீவுச் சிறையிலிருந்து லண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்பை அஞ்சல் வழியாகத் தொடர்ந்தார். படிக்கிற அனுமதியே தண்டனையாகப் பறிக்கப்பட்ட காலங்களும் இருந்தன. கடைசியில் 1989 இல், இன்னமும் கைதியாக இருக்கும்போதே, தென்னாபிரிக்காவின் தொலைக்கல்விப் பல்கலைக்கழகமான யுனிசாவின் சட்டப் பட்டத்தைப் பெற்றார்.

இது பட்டம் வந்த வழியின் கதை. படிக்கிற பாடத்துக்கும் ஒரு பிறப்புக் கதை இருக்கிறது.

1919 இல் வேல்ஸ் நாட்டின் சிறிய கடற்கரை நகரான அபெரிஸ்ட்வித்தில், சர்வதேச அரசியலுக்கான உலகின் முதல் பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது. டேவிட் டேவிஸ் என்ற செல்வந்தரும் அவருடைய இரண்டு சகோதரிகளும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். முதலாம் உலகப் போரில் செத்துப்போன அந்தக் கல்லூரி மாணவர்களின் நினைவாகத்தான். அதாவது இந்தப் பாடம் ஒரு நினைவுச்சின்னமாகத் தொடங்கியது. பிள்ளைகள் ஏன் செத்தார்கள், இனி எப்படிச் சாகாமல் இருப்பது என்பதுதான் அதன் முதல் கேள்வி.

ஆனால் அந்தக் கேள்வியை யார் கேட்கலாம் என்பதில் எல்லை இருந்தது. 1919 இல் இலங்கை ஒரு கொலனி. 1948 இல் சுதந்திரம் கிடைத்த பிறகும், சோவியத் வீட்டோவினால் ஐ.நா.வில் இடம் கிடைக்க 1955 டிசம்பர் வரை காத்திருக்கவேண்டி வந்தது.

"சர்வதேச சமூகம்" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த தலைமுறை நாங்கள். ஒவ்வொரு மார்ச் மாதமும் ஜெனீவாவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறம். 2009 மே மாதக் கடைசியில், போர் முடிந்து சில நாட்களிலேயே, மனித உரிமைகள் பேரவை இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை 29க்கு 12 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. மூன்று வருசத்துக்குள், 2012 மார்ச்சில், அதே பேரவை அரசு எதிர்த்த தீர்மானத்தை 24க்கு 15 என்று நிறைவேற்றியது. முதலாவதில் அரசின் பக்கம் நின்ற இந்தியா, இரண்டாவதில் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. செத்தவர்கள் அதே ஆட்கள்தான். அப்படியெண்டால் மாறினது என்ன? வீட்டிலும் தேநீர்க் கடையிலும் இதற்குக் கிடைத்த பதில்கள் இரண்டுதான்: "எல்லாம் துரோகம்", "எல்லாம் அரசியல்". இரண்டும் கோபத்துக்குப் போதும், விளக்கத்துக்குப் போதாது. நாங்கள் இந்தப் படிப்புக்கு வந்தது அந்த மிச்சத்தைத் தேடித்தான்.

படிப்பு லேசாக இருக்கவில்லை. 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் பாடப் பொருள் மட்டுமில்லை, வங்கியில் நிற்கிற வரிசையும்தான்.

இதிலிருந்து நாங்கள் விளங்கிக்கொண்டது ஒன்று. 1858 இல் திறந்தது சோதனை மண்டபத்தின் கதவு. வினாத்தாள் அப்போதும் லண்டனிலிருந்துதான் வந்தது. இன்றைக்கு விரிவுரையும் நூலகமும் திரைக்கே வருகின்றன. ஆனாலும் வாசிக்கத் தருகிற பட்டியலில் எங்கட நாடு பெரும்பாலும் ஒரு உதாரணமாகவே வருகிறது: கடனுக்கு ஒன்று, உள்நாட்டுப் போருக்கு ஒன்று. அந்த உதாரணத்துக்குள் இருந்தவர்கள் கட்டுரை எழுதத் தொடங்கினால் கேள்வியும் கொஞ்சம் மாறும்.

யோசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு: சேரமுன்னம் அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா எண்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கோ. கட்டணம் எந்த நாணயத்தில், எத்தனை தவணையில் எண்டு பாருங்கோ. ஒன்லைன் எண்டதுக்காக வெட்கப்படத் தேவையில்லை. சுவரில் தொங்கும் அந்த அதிபர்மாரும் தூரத்தில் இருந்துதான் படிச்சவை.