நங்கூரத் துறை

சென்னையின் பழைய ஆவணங்களைப் புரட்டுவோர் 'மெட்ராஸ் ரோட்ஸ்' என்னும் தொடரை அடிக்கடி காண்பர். கப்பல்கள் அங்கே வந்து நின்றதையும், அங்கிருந்து புறப்பட்டதையும் கும்பினியின் எழுத்தர்கள் தவறாது குறித்து வைத்தனர். சாலையில் கப்பலுக்கு என்ன வேலை என்று முதன்முறை படிப்பவர் திகைப்பது இயல்பே.

அச்சொல் இங்கே சாலையைக் குறிக்கவில்லை. துறைமுகத்தின் சுவர்களுக்கு வெளியே, கரைக்கு எட்டும் தொலைவில், கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நிற்கும் கடற்பரப்பையே குறிக்கிறது. இரண்டு பொருள்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பழைய ஆங்கிலத்தில் 'ராட்' என்றால் ஏறிச் செல்லுதல். குதிரை மீது ஏறிச் செல்லும் வழி நிலத்தில் சாலை ஆயிற்று; அலைகளின் மீது கப்பல் ஏறி இறங்கிக் காத்திருக்கும் இடம் கடலில் அப்பெயரைப் பெற்றது. நங்கூரமிட்ட கப்பல் சவாரி செய்கிறது என்றே ஆங்கில மாலுமிகள் சொல்வர். கட்டுண்டு நிற்கும்போதும் அது அசைந்துகொண்டே இருக்கிறது என்னும் உண்மை அவ்வழக்கில் அடங்கியிருக்கிறது.

தமிழில் இதற்கு ஈடாக நாம் ஆளும் 'துறை' என்னும் சொல்லோ மனிதன் நீரில் இறங்கும் இடத்திலிருந்து பிறந்தது. நீராடும் துறை, ஆடை வெளுக்கும் துறை, ஓடம் ஏறும் துறை என விரிந்து, கல்விப் பிரிவுகளையும் அகப்பொருள், புறப்பொருள் பாகுபாடுகளையும் சுட்டும் அளவுக்கு அது வளர்ந்தது. மயிலாடுதுறை, குழித்துறை, பருத்தித்துறை என ஊர்ப்பெயர்களிலும் வாழ்கிறது. ஆங்கிலேயர் கப்பலின் மேல்தளத்திலிருந்து அந்த இடத்தைப் பார்த்தனர். நாம் கரையில் நின்று பார்த்தோம். இரண்டு பார்வைகளும் சந்தித்த இடம் சென்னைக் கடற்கரை.

1639-இல் ஆங்கிலேயர் உரிமை பெற்ற அக்கரையில் இயற்கைத் துறைமுகம் எதுவும் இல்லை. கப்பல்கள் வெட்டவெளிக் கடலில் நங்கூரமிட்டன. அவற்றுக்கும் கரைக்கும் இடையே ஓயாது புரளும் அலைத்தொடர் இருந்தது. ஐரோப்பியப் படகுகள் அதில் உடைந்துபோகும். ஆணி அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே அலையின் அடிக்கு நெகிழ்ந்து கொடுத்துக் கரை சேர்ந்தன. தவறி வீழ்வோரைக் காக்கக் கட்டுமரங்கள் உடன் சென்றன. கட்டுமரக்காரர் தம் ஓலைத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்து நனையாமல் கப்பலுக்குக் கொண்டு சேர்த்தனர். ஒரு பெருநகரின் வாணிகம் முழுவதும் இந்த எளிய மீனவர்களின் கைத்திறனை நம்பியிருந்தது என்பதை வரலாறு எழுதுவோர் பலரும் மறந்துவிடுகின்றனர்.

தூத்துக்குடியிலும் அவ்வாறே. கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. எனவே பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நின்றன. தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கின. 1974-இல் ஆழ்கடல் துறைமுகம் செயல்படத் தொடங்கும்வரை இதுவே பெருங்கப்பல்களுக்குரிய வழக்கம். முத்துக்குளித்துறை என்னும் பெயரிலேயே துறை இருக்கிறது. 1542-இல் தூய சவேரியார் இக்கரைக்கு வந்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் திருமுழுக்குப் பெற்றும் போதிய மறைக்கல்வி பெறாதிருந்த மக்களைத் தேடித் துறை துறையாக நடந்தார். வேம்பாறு முதல் மணப்பாடு வரை நம் விசுவாசம் வேரூன்றிய ஊர்கள் பலவும் சுவரில்லாத துறைகளே.

சுவரில்லாத துறையில் கப்பலைக் காப்பது எது? பாரசீகத்து 'லங்கர்' என்னும் சொல்லிலிருந்து நமக்கு வந்த நங்கூரமே. அதன் எடை மட்டும் கப்பலைப் பிடித்து வைக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் சங்கிலியை ஆழத்தைப்போல் பல மடங்கு நீளமாக விடவேண்டும். அது கடலடியில் படிந்து கிடந்து, நங்கூரத்தைப் பக்கவாட்டில் இழுத்தால்தான் அதன் கொழு மண்ணைப் பற்றும். காற்று வலுக்கும்போது அறியாதவன் சங்கிலியை இழுத்துச் சுருக்குவான். தேர்ந்த மாலுமி இன்னும் நீளமாக விடுவான். அடியிலுள்ள மண்ணும் நல்லதாக இருக்கவேண்டும். களிமண் பற்றும், வழுக்குப் பாறை கைவிடும்.

ஆயினும் நங்கூரத்துக்கும் எல்லை உண்டு. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் அக்டோபரிலும் அங்கேயே நின்றன. வடகிழக்குப் பருவத்தின் புயல் வந்தது. கப்பல்கள் சில மூழ்கின, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். புயல் அறிகுறி தென்பட்டால் நங்கூரக் கயிற்றை விட்டுவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவதே அத்துறையில் உயிர்பிழைக்கும் வழி. பின்னாளில் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர்களையும் 1881-ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது.

இங்கே திருத்தூதர் பணிகள் நூலின் இருபத்தேழாம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. கைதியாக உரோமைக்குச் சென்ற தூய பவுலின் கப்பல், கிரேத்துத் தீவின் தென்கரையில் ஓர் இடத்தில் நின்றது. கிரேக்கத்தில் அதன் பெயருக்கு 'நல்ல துறைகள்' என்று பொருள். பெயர் நல்லதாயினும் குளிர்காலத்தைக் கழிக்க அது வசதியான இடமன்று. பவுல் பயணத்தைத் தொடரவேண்டாம் என எச்சரித்தார். நூற்றுவர் தலைவரோ கப்பலோட்டியையும் உரிமையாளரையும் நம்பினார். வசதியான வேறு துறையை நாடிப் பெரும்பாலோர் புறப்பட விரும்பினர். தென்றல் மெல்ல வீசியதும் எண்ணம் ஈடேறியது என்றே நினைத்தனர். பின்னர்ச் சூறைக்காற்று அவர்களைப் பதினான்கு நாள் அலைக்கழித்தது.

மால்தாவை நெருங்கிய இரவில் அவர்கள் ஆழம் அளந்தனர். முதலில் இருபது பாகம், அடுத்துப் பதினைந்து. பாறையில் மோதுவோமென்று அஞ்சிப் பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கி, விடியலுக்காக ஏங்கினர். பொழுது புலரும் வேளையில் பவுல் அப்பத்தை எடுத்து, நன்றி செலுத்தி, பிட்டு உண்டார். விடிந்ததும் அதே நங்கூரங்களை அறுத்துக் கடலிலேயே விட்டுவிட்டுக் கரையை நோக்கிக் கப்பலைச் செலுத்தினர். கப்பல் உடைந்தது; இருநூற்று எழுபத்தாறு பேரும் உயிர் பிழைத்தனர்.

முதலில் நின்றிருக்க வேண்டிய இடத்தை விட்டனர்; இறுதியில் விடவேண்டிய நேரத்தில் நங்கூரத்தை அறுத்தனர். பிடித்திருப்பது எப்போதும் விசுவாசம் என்றோ, விட்டுச் செல்வது எப்போதும் துணிவு என்றோ இந்நிகழ்ச்சி சொல்லவில்லை. எது எப்போது என்று தெளிந்து தேர்வதே அருள். அதற்குப் பெரும்பான்மையின் விருப்பமும் மெல்லிய தென்றலும் போதிய சான்றாகா.

உரோமை நகர நிலத்தடிக் கல்லறைகளில் தொடக்கக் காலக் கிறிஸ்தவர் நங்கூரத்தைச் செதுக்கினர். எதிர்நோக்கை உள்ளத்தின் நங்கூரமாக எபிரேயர் திருமுகம் காட்டுகிறது. ஆனால் அந்நங்கூரம் திரைச்சீலைக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத தூயகத்தில் பற்றியிருக்கிறது. கடலடியில் கிடக்கும் நங்கூரத்தையும் மாலுமி காண்பதில்லை. சங்கிலியின் இறுக்கத்தைக் கொண்டே அது பிடித்திருப்பதை அறிகிறான்.

நம்மில் பலர் திருச்சபையை நாற்புறமும் சுவர் எழுப்பிய துறைமுகமாக எண்ணி, உள்ளே அலை அடித்தால் விசுவாசமே ஆட்டங்கண்டுவிட்டதென்று அஞ்சுகிறோம். பிள்ளை வழிமாறினாலும், நோய் தீராவிட்டாலும், செபம் வறண்டாலும் இவ்வச்சம் எழுகிறது. நங்கூரத் துறையில் நிற்கும் கப்பல் அசையும். அசைவதனாலேயே அது பிடி விட்டுவிட்டதென்று பொருளன்று. அத்தகைய நாள்களில் சங்கிலியை இன்னும் சற்று நீளமாக விட்டு, அருகில் இருப்பவரோடு அப்பத்தைப் பிட்டு உண்டு, விடியலுக்காகக் காத்திருப்போம்.