தொண்டர் படையும் அதிகாரிப் பட்டயமும்

பினாங்குத் தீவின் தென்பகுதியிலுள்ள பாயான் லெப்பாஸ் விமானத் தளம் 1935 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆறாண்டுகள் கழித்து, 1941 டிசம்பரில், ஜப்பானிய விமானங்கள் தீவைத் தாக்கத் தொடங்கியதும் அத்தளம் கைவிடப்பட்டது. அம்மாதம் 16, 17 தேதிகளில் ஐரோப்பியர் கப்பலேறினர். தொண்டர் படையிலிருந்த ஆசியர்களும் விரும்பினால் உடன் வரலாம் என்றனர். அவர்தம் மனைவி மக்களுக்கோ கப்பலில் இடமில்லை. ஆகவே பெரும்பாலோர் படையினின்று விடுபட்டுத் தீவிலேயே தங்கினர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கும் வேலை, 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியர் சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழருக்கு வாய்த்தது.

தொண்டர் படையினின்று ஒருவனை விடுவிப்பதற்கு இஃது ஒரு பொருள். இதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னர் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது. மேலான பதவி நாடிச் செல்வோனுக்குக் கொடுக்கும் விடை என்பதே அது. அந்த விடை யாருக்குக் கிடைத்தது என்பதில்தான் சரித்திரம் இருக்கிறது.

1914 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 இல் சென்னையைக் குண்டுவீசிக் கலக்கிய எம்டன் கப்பல், அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் அழித்தது. (பலே கைகாரனை 'எம்டன்' என்று நம்மவர் இன்றும் சொல்வது அப்போது பிறந்த வழக்கு.) எம்டன் கடலில் திரிந்துகொண்டிருந்த அதே அக்டோபரில், இலங்கைத் தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படையைச் சேர்ந்த 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் எகிப்துக்குப் புறப்பட்டனர். 1900 இல் அமைந்த இப்படையில் ஐரோப்பியர்க்கு மட்டுமே இடம். தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளரை ஏவி வேலை வாங்கியவர்கள், இங்கே துப்பாக்கி தூக்கும் சாதாரணச் சிப்பாய்களாக நின்றனர். கல்லிப்போலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலராகவும் இருந்தனர். ஆனால் அந்நிலையில் அவர்கள் நெடுநாள் நிற்கவில்லை. ஒருவர்பின் ஒருவராக விடுவிக்கப்பெற்று, மன்னர் பெயரால் வழங்கும் 'கமிஷன்' என்னும் அதிகாரிப் பட்டயம் பெற்றுப் பிரிட்டிஷ், இந்தியப் படைகளிற் பலர் சேர்ந்தனர்.

கொழும்பிற் பிறந்த பேசில் ஹார்ஸ்பாலின் வரலாறும் இவ்வகையினதே. ரப்பர்த் தோட்டத்திலும் பின்னர் இலங்கைச் சர்க்கார் உத்தியோகத்திலும் இருந்த அவர், இலங்கைப் பொறியாளர் தொண்டர் படையில் பணியாற்றினார். 1916 இல் இங்கிலாந்து சென்று, அவ்வாண்டு டிசம்பரில் ஈஸ்ட் லங்காஷயர் படையில் இரண்டாம் லெப்டினன்டானார். 1918 மார்ச் 27 இல் பிரான்சில் வீழ்ந்த அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பெற்றது. அவருடைய வீரத்தை யாரும் குறைத்துரைக்க இயலாது. ஆயினும் அதே கொழும்பிற் பிறந்த ஒரு தமிழரோ சிங்களவரோ அவ்வழியே செல்ல முடிந்திருக்குமா? சேமப்படை அதிகாரியாக விரும்புவோர் கலப்பற்ற ஐரோப்பிய வமிசத்தவராயிருத்தல் வேண்டும் என்று அக்காலத்து வழிகாட்டி நூல் பச்சையாகவே அச்சிட்டிருந்தது. பிறந்த ஊர் தடையன்று. பிறந்த குலமே தடை.

தொண்டர் படைகளுக்குள் ஆசியர் பதவி பெறவேயில்லை என்று கூறுதல் பிழை. சிங்கப்பூரில் சோங் ஓங் சியாங் சீனத் தொண்டர் கம்பெனியிற் கேப்டனாக விளங்கினார். ஆனால் அப்பதவி தொண்டர் படையின் வேலியைத் தாண்டிச் செல்லாதது. இந்தியப் படையிலோ நிலைமை இன்னும் கசப்பானது. இருபதாண்டு உழைத்து மயிர் நரைத்த சுபேதாரும், நேற்று வந்த இளந்துரைக்குக் கீழ்ப்படிந்தே நிற்றல் வேண்டும்.

1917 ஆகஸ்டில் ஒன்பது இந்தியருக்கு மன்னர் கமிஷன் கிடைத்தபோது அச்சுவரில் முதல் விரிசல் கண்டது. மறு ஆண்டு முதல் சாண்டர்ஸ்ட் கல்லூரியில் இந்தியருக்கு ஆண்டுக்குப் பத்து இடங்கள் ஒதுக்கினர். முப்பது கோடி மக்களுக்குப் பத்து இடம்! 1932 இல் டேராடூன் கல்லூரி பிறந்தது. அதன் தொடக்கச் சேர்க்கையான நாற்பதில் பதினைந்து இடங்கள் படையிலேயே சிப்பாயாக இருந்தவர்களுக்கு உரியனவாயின. விடுவிப்பு என்னும் சொல் நம்மவர் பக்கமும் திரும்பியது அப்போதுதான் எனலாம்.

மலாயாவில் இது மேலும் தாமதித்தது. 1952 இல், அவசரகால நாளில், போர்ட் டிக்சனில் கூட்டரசின் இராணுவக் கல்லூரி தொடங்கிய பின்னரே எல்லா இனத்து இளைஞர்க்கும் உள்நாட்டிலேயே ஒரு வழி பிறந்தது.

இலங்கையில் அன்டன் முத்துக்குமாரு என்ற தமிழர், சட்டம் பயின்றவர், 1934 இல் இலங்கை லகு காலாட்படையின் தொண்டர் பிரிவில் அதிகாரியானார். உலகப் போரின்போது முழுநேரச் சேவை புரிந்தார். 1949 அக்டோபரில் இலங்கையின் நிரந்தர இராணுவம் அமைந்தபோது அதிற் சேர்ந்து, 1955 இல் அதன் தளபதியானார். அப்பதவிக்கு வந்த முதல் இலங்கையர் அவரே. தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படை அந்த 1949 ஆம் ஆண்டிலேயே கலைக்கப்பட்டது.