பாடப்புத்தகமாகிப்போன வேதம்

1859 நவம்பரில் நாகசாகித் துறைமுகத்தில் வந்திறங்கிய கீடோ வெர்பெக்குக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு நாடு இல்லை. பிறந்தது ஹாலந்தில். 1852இல் அமெரிக்கா போனார். அங்கே குடியுரிமை கைக்கு வருவதற்குள் டச்சு சீர்திருத்தச் சபை அவரை ஜப்பானுக்கு அனுப்பிவிட்டது. படித்தது பொறியியல். அர்கன்சாஸில் காலராவில் விழுந்து கிடந்தபோது செய்த பொருத்தனைதான் அவரை ஊழியத்துக்குக் கொண்டுவந்தது. இங்கிலீஷ் அவருக்குத் தாய்மொழியும் அல்ல. ஆனாலும் ஜப்பானிய நவீனத்துவத்தின் வரலாற்றில் இங்கிலீஷ் வாத்தியார் என்றதும் நினைவுக்கு வரும் முதல் சில பெயர்களில் ஒன்று அவருடையது.

ஜப்பானில் கிறிஸ்தவம் 1614இலிருந்து தடைசெய்யப்பட்டிருந்தது. 1858 ஒப்பந்தப்படி அமெரிக்கர்கள் திறந்துவிடப்பட்ட துறைமுகங்களில் தங்களுக்குள் தொழுதுகொள்ளலாம். ஜப்பானியர் வேதத்தில் சேர்ந்தால் தண்டனை. தெருமுனைப் பலகைகளில் அரசாணை தொங்கிக்கொண்டிருந்தது. பிரசங்கம் பண்ண வந்தவர் என்ன செய்வார்? மொழி சொல்லிக்கொடுத்தார். இதை வேஷம் என்று சொல்லி முடித்துவிடலாம். நம்ம ஊர் மிஷன் பள்ளிகளைப் பற்றிய பேச்சும் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்னுபோகுது: மதம் மாத்த வந்தானா, படிப்புக் கொடுக்க வந்தானா? இரண்டு பதிலிலும் மாணவன் வெறும் பாத்திரம், ஊற்றினதை வாங்கிக்கொள்கிறவன். நாகசாகியைப் படித்தபோது எனக்கு இந்தப் பார்வையின் மீதே சந்தேகம் வந்தது.

வெர்பெக்கிடம் வந்தவர்கள் ஏழை எளியவர்கள் அல்ல. வாள் கட்டிய சாமுராய் வீட்டுப் பிள்ளைகள். தேஜிமா தீவு வழியாக இருநூறு வருஷத்துக்கும் மேலாக டச்சு ஒன்றையே மேற்கின் மொழியாக அறிந்திருந்தவர்கள், அமெரிக்கக் கப்பல்கள் 1853இல் வந்து நின்ற பிறகு, அது போதாது என்று கண்டுகொண்டார்கள். 1864இல் ஷோகன் அரசின் நாகசாகிப் பள்ளியிலேயே வெர்பெக் ஆசிரியரானார். பிறகு சாகா பிரதேசம் நடத்திய பள்ளியிலும் பாடம். அவரிடம் படித்தவர்களில் ஓகுமா ஷிகெனோபு, சொயெஜிமா தனெஓமி இருவரும் பின்னாளில் மெய்ஜி அரசின் தூண்கள். பாடநூல்கள் இரண்டு: புதிய ஏற்பாடு, அமெரிக்க அரசியல் சட்டம். வாத்தியாருக்கு முதலாவது வேதம். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்கோ இரண்டுமே வெள்ளைக்காரனின் பலத்துக்கான காரணத்தைத் தேடிப் பார்க்கும் பிரதிகள். வேதமாகவே வாசித்தவர்களும் உண்டு. சாகாவின் உயர் அதிகாரி முராதா வகாசா 1866இல் வெர்பெக்கிடம் ரகசியமாக ஞானஸ்நானம் பெற்றார். அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

அதே ஊரின் ஓரத்தில் உரகாமி என்ற விவசாயக் கிராமம். பிரெஞ்சுக் குருக்கள் ஓவுராவில் கட்டிய கோயிலுக்கு 1865 மார்ச்சில் அந்தக் கிராமத்தார் சிலர் வந்து, தாங்களும் அதே வேதக்காரர்கள்தான் என்று மெதுவாகச் சொன்னார்கள். இருநூறு வருஷத்துக்கும் மேலாகக் குருக்கள் கிடையாது, கோயில் கிடையாது. வாய்வழியாக வந்த செபங்கள், ஞானஸ்நானம் கொடுக்கத் தெரிந்த சில குடும்பங்கள், அவ்வளவுதான். 1867இல் கைதுகள் தொடங்கின. அடுத்த வருஷம் ஷோகன் ஆட்சி போய் மெய்ஜி அரசு வந்தது. பலகையிலிருந்த தடை போகவில்லை. 1868இலும் 1870இலுமாகச் சுமார் 3,400 பேரைப் பிடுங்கி நாட்டின் பல பகுதிகளுக்கு நாடு கடத்தினார்கள். 600 பேருக்கு மேல் திரும்பவே இல்லை.

1868இல் பிரிட்டிஷ் தூதர் ஹாரி பார்க்ஸ் இதை எதிர்த்துக் கூச்சல் போட்டபோது, ஒசாகாவில் அவருக்குப் பதில் சொல்ல அரசு அனுப்பிய முப்பது வயது அதிகாரி யார் தெரியுமா? ஓகுமாதான். இது எங்கள் உள்நாட்டு விவகாரம், தலையிட உமக்கு உரிமை கிடையாது. கிறிஸ்தவத்தின் பெயரால் ஐரோப்பாவில் ஓடிய ரத்தம் கொஞ்சமா? பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்த வாதத்தின் சாரம் இது. இறையாண்மை, மதப் போர்களின் வரலாறு என்று பேச அவருக்குக் கைகொடுத்தது நாகசாகிப் படிப்பு. இந்த வாதத்தால்தான் தலைநகரில் அவர் பெயர் எடுபட்டது. காலனியத்துக்கு எதிரான அருமையான பதிலடி என்று கொண்டாடத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் பதிலடியின் செலவில் பட்டினி கிடந்தது உரகாமிக்காரன். 'கீழை' என்றும் 'மேலை' என்றும் இரண்டே கட்டம் போட்டு வைத்திருக்கிற நம் கோட்பாடுகளில் அவனுக்கு இடமில்லை. ஓகுமாவுக்கு அவன் அந்நிய மதத்தான். புராட்டஸ்டண்ட் வாத்தியாரின் வகுப்பிலும் அவனுக்கு ஒரு நாற்காலி இல்லை.

வெர்பெக் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாகணும். உயர்மட்டக் குழு ஒன்றை மேற்கு நாடுகளுக்கு அனுப்பும் திட்டத்தை 1869இல் எழுதி ஓகுமாவிடமே கொடுத்தார். 1871இல் கிளம்பிய இவகுரா தூதுக்குழுவுக்கு அது வரைபடமானது. போன இடமெல்லாம் உரகாமியைப் பற்றிய கேள்வி அந்தக் குழுவைத் துரத்தியது. 1873 பிப்ரவரியில் பலகைகள் இறக்கப்பட்டன. இதைத் தூதுக்குழுவின் கதையாகச் சொன்னால், நாடு கடத்தப்பட்ட இடங்களில் மறுதலிக்காமல் கிடந்தவர்கள் காணாமல்போய்விடுகிறார்கள். அவர்கள் கிடந்ததால்தானே கேள்வியே எழுந்தது.

நாடில்லாத வெர்பெக்குக்கு 1891இல் ஜப்பான் அரசு, விரும்பிய இடத்தில் வசிக்கவும் பயணிக்கவும் தனி அனுமதிச் சீட்டு கொடுத்தது. 1898 மார்ச்சில் டோக்கியோவில் இறந்தார். அதே ஜூனில் ஓகுமா பிரதமரானார். உரகாமியில், வருஷா வருஷம் திருப்படத்தை மிதிக்கவைத்து விசுவாசம் சோதித்தது ஊர்த்தலைவரின் வீட்டில். திரும்பி வந்தவர்கள் காசு சேர்த்து 1880இல் அந்த வீட்டையே விலைக்கு வாங்கிக் கோயிலாக்கிக்கொண்டார்கள்.