நம்பாத கதை

நான் என்ன சொன்னாலும் எங்க ஆச்சிக்கு ஒரே பதில்தான்: "போல, கத விடாத."

ஆபீஸ் மெயில் ஒன்றில் 'இன்கிரெடுலஸ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'இன்கிரெடிபிள்' என்று எழுதி ஒருமுறை மாட்டிக்கொண்டேன். முதல் சொல் நம்பாத ஆளைக் குறிக்கும். இரண்டாவது, நம்ப முடியாத விஷயத்தை. தமிழில் இந்தத் தொல்லை இல்லை. 'நம்பாத ஆள்' என்றால் அவர் நம்பவில்லை. 'நம்பாத கதை' என்றால் அதை யாரோ நம்பவில்லை. ஒரே பெயரெச்சம் இரண்டு வேலையும் பார்த்துவிடுகிறது. திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-ல் வெளியான தன் ஒப்பிலக்கணத்தில் இதைக் கவனித்திருக்கிறார்: ஆங்கிலம் பெயரடை வைக்கும் இடத்தில் திராவிட மொழிகள் பெயரையும் பெயரெச்சத்தையும் வைக்கின்றன.

தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர் ரொம்ப காலம் நம்பாத கதையாகவே கிடந்தது. 1876-ல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகள், இரும்பு ஆயுதங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் என்று குவிந்தன. ஆனால் எவ்வளவு பழசு என்று அளக்கக் கருவி இல்லை. கார்பன் காலக்கணிப்பு வந்ததே 1940-களின் கடைசியில்தான். மத்தியத் தொல்லியல் துறை மறுபடி மண்வெட்டி எடுத்தது 2004-ல்.

பிறகு சிவகளை. அங்கே ஒரு தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று தேதி வந்ததை 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் இரும்புக்கு கி.மு. 3345. வாட்ஸப் முழுக்க 'நம்ப முடியாத' என்ற சொல் ஓடியது, பெருமையாக. நானும் ஃபார்வர்டு செய்தேன். அப்புறம்தான் படித்தேன்: அந்தத் தேதி இரும்பில் எடுத்ததல்ல, கூடக் கிடைத்த கரித்துண்டில் எடுத்தது. கரி, இரும்பு இரண்டும் ஒரே காலத்தவைதானா? இன்னும் பல இடங்களில் சோதிக்க வேண்டும் என்று சில ஆய்வாளர்கள் சொன்னார்கள். அவர்களுக்குக் கிடைத்தது வசவு.

கோடு எழுதுகிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 'டெஸ்ட் பண்ணியா?' என்று கேட்பவன் எதிரி இல்லை. சந்தேகப்பட யாருமில்லாமல் அரங்கேறிய பெருமை, முதல் கேள்வியிலேயே சரிந்துவிடும். ஆதிச்சநல்லூரைக் கெடுத்தது கேள்வி கேட்டவர்கள் அல்ல. கேட்காமல் நூறு வருஷம் சும்மா விட்டவர்கள்.

ஆச்சி "கத விடாத" என்று சொல்லிவிட்டு எழுந்து போனதில்லை. வெத்திலையை மடித்தபடியே அடுத்ததைக் கேட்பாள்:

"சரி, பொறவு என்னல ஆச்சு?"