தியேட்டர் நிறைந்தால் ஏசி என்ன செய்யும்?

ஏசி மனிதர்களுக்காகப் பிறந்தது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பிறந்தது காகிதத்துக்காக!

1902. நியூயார்க் புரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெம்ஸ் என்றொரு அச்சகம். கோடையில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் காகிதம் விரியும், காய்ந்தால் சுருங்கும். வண்ணப்படத்தை ஒவ்வொரு நிறமாகத்தான் அச்சடிக்க வேண்டும். இரண்டாவது நிறம் ஏறுவதற்குள் தாளின் அளவே மாறியிருக்கும். அடித்ததெல்லாம் வீண். பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியில் வேலை பார்த்த வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இளைஞரிடம் இந்தத் தலைவலி வந்து சேர்ந்தது. குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மேல் காற்றைச் செலுத்தி, ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் 55 சதவீதத்தில் நிறுத்துவது அவர் போட்ட திட்டம்.

ஆனால் வெளிக்காற்று நேற்று இருந்தது போல இன்று இருப்பதில்லையே. அதற்கான விடை அவருக்குப் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில், பனிமூட்டத்துக்கு நடுவே கிடைத்தது. மூடுபனி என்பது இனி ஈரம் தாங்காத காற்று. அந்த நிலையில் வெப்பநிலை எவ்வளவு என்று தெரிந்தால் ஈரம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். ஆகவே குளிர்ந்த நீரைத் தூறலாகக் காற்றில் தெளித்தால் போதும்; நீரின் வெப்பநிலையை மாற்றியே காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தலாம். தண்ணீரைத் தெளித்துக் காற்றை உலர்த்துவது! கேட்டால் சிரிப்புதான் வரும். 1906-ல் காப்புரிமை கிடைத்தது.

அச்சகத்தில் தொல்லை வானிலையால் வந்தது. தியேட்டரில் கூட்டமே தொல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் விடுகிறார். 2,000 பேர் என்றால் 200 கிலோவாட், அதற்கு மேல் மூச்சும் வியர்வையும். அதே அரங்கம் காலையில் காலி. ஆரம்பத்தில் தரையடியிலிருந்து குளிர்காற்றை விட்டார்கள்: கால் விறைக்கும், தலை வேகும். பிறகு 1920-களில் கேரியர் கம்பெனி காற்றை மேலிருந்து இறக்கியது. திரும்பி வரும் காற்றில் ஒரு பகுதியைக் குளிர்விக்காமலே கலந்தும் விட்டது. கூட்டம் குறைந்தால் கலவையை மாற்றினால் போதும்.

1925-ல் நியூயார்க் ரிவோலி தியேட்டரில் பரீட்சை. கம்பெனியின் எதிர்காலமே அன்று பணயம். கோடையில் தியேட்டர்களுக்கு வசூல் படுத்துவிடும் காலம் அது. இயந்திரம் ஓடத் தொடங்கவே தாமதம். அதற்குள் மக்கள் கைவிசிறிகளோடு உள்ளே நிறைந்துவிட்டார்கள். அத்தனை பேரின் சூட்டையும் இறக்க நேரம் பிடித்தது. மெல்ல மெல்ல விசிறிகள் மடிக்கு இறங்கின. மாடியிலிருந்து பார்த்த பாரமவுண்ட் முதலாளி அடால்ஃப் ஜூகர், மக்களுக்கு இது பிடிக்கும் என்று ஒப்புக்கொண்டாராம்.

இத்தகைய பெரிய அரங்குகளுக்குக் கைகொடுத்தது 1922-ல் கேரியர் அறிமுகப்படுத்திய சுழல்விசை இயந்திரம். அதற்கும் ஒரு குணம் உண்டு. வேலை மிகவும் குறைந்தால் உள்ளே ஓடும் வாயு போதாமல் பின்னோக்கிப் பாயும், இயந்திரம் உறுமி அதிரும். அதிக வேலையை விடக் குறைந்த வேலைதான் அதற்கு ஆகாது! வாயு நுழையும் வாயில் திரும்பும் தகடுகளை வைத்து இதைச் சமாளித்தார்கள்.

மின்கட்டணமும் இதே கணக்கில்தான் வருகிறது. பெரிய குளிர்விப்பு இயந்திரங்களை மதிப்பிட 1998-ல் அமெரிக்காவில் வந்த தரவிதி, முழு வேலைக்குக் கொடுத்த எடை வெறும் 1 சதவீதம். முக்கால் வேலைக்கு 42, பாதி வேலைக்கு 45, கால் வேலைக்கு 12. முழுத் திறனைப் பெரிதாகப் போட்டு விற்கும் விளம்பரங்கள் பேசுவது அந்த ஒரு சதவீதத்தைப் பற்றி.